நடந்த கால்களின் காணிக்கை

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைக் கண்டிராத தமிழர் யார்? தைப்பூசம் நெருங்கிவிட்டால், தோளில் காவடியும் இடுப்பில் மஞ்சள் துணியுமாகச் சாலை ஓரமெல்லாம் ஜனங்கள் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் சிலர் புறப்படுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வதுண்டு. வீட்டில் நெல்லும் பணமும் நிறைந்திருந்தாலும், நாலு வாசலில் நின்று மடிப்பிச்சை கேட்பார்கள். அப்படிச் சேர்ந்ததைத்தான் முருகனுடைய உண்டியலில் கொண்டுபோய்ப் போடுவார்கள். அதாவது, நடப்பவர் ஒருவர்; கொடுப்பவர் பலர்; சேருமிடம் ஒன்று.

வியாதியஸ்தர்களுக்காக நடந்தும் ஓடியும் நிதி திரட்டும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், இது ஏதோ மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த புதுமை என்று எனக்குத் தோன்றுவதில்லை. நம்முடைய மடிப்பிச்சைதான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கால் விழுந்துபோனவரே மறுபடி எழுந்து, தம்மைப் போல் விழுந்தவர்களுக்காக ஓடி நிதி திரட்டினால், அந்தக் காணிக்கைக்கு ஈடு எதைச் சொல்வது? அப்படிப்பட்ட ஒருவரின் கதையை இங்கே சொல்லப் போகிறேன். அதற்கு முன், அந்தக் கதையை எங்கள் ஊரில் உட்கார்ந்து ஏன் சொல்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது தேவாரம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. மலைக்கு அப்பால் இடுக்கி ஜில்லாவின் ஏலத்தோட்டங்கள். விடிவதற்கு முன்பே எங்கள் பக்கத்து ஆண்களும் பெண்களும் சோற்றுப் பாத்திரத்துடன் ஜீப்பில் ஏறி, மலைச் சரிவில் நாளெல்லாம் நின்று வேலை செய்து, பொழுது சாயும்போது திரும்புகிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கோ தோட்டமும் வரப்பும். ஆகவே இவ்விடத்தில் கால் என்பது சரீரத்தின் ஓர் அங்கம் மட்டுமல்ல. அதுதான் குடும்பத்தின் மூலதனம். முப்பது வயதுக்காரனுக்கு ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துவிட்டால், அன்றைக்கு அடுப்பும் விழுந்துவிட்டது என்றே அர்த்தம்.

முப்பது வயதில் பாரிச வாயு வருமா என்று நேயர்கள் கேட்கலாம். வரும். அது கிழவர்களின் வியாதி என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதுதான் அதற்குப் பெரிய துணை. பெரியவர் ஒருவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டால், 'வாதம் அடித்துவிட்டது' என்று வீட்டார் உடனே சொல்லிவிடுகிறார்கள். இளைஞனுக்கு அதே அறிகுறி வந்தாலோ, 'பித்தம்', 'ராத்திரி ஒருக்களித்துப் படுத்ததால் மரத்துவிட்டது', 'வெயிலில் அலைந்த மயக்கம்' என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிப் படுக்க வைத்துவிடுகிறார்கள். பிறகு புறா இரத்தம் தேய்க்க ஆள் தேடுகிறார்கள்.

உண்மையில் நடப்பது இதுதான். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்றில் இரத்தக் கட்டி அடைத்துக்கொள்ளலாம். அல்லது குழாய் வெடித்து இரத்தம் கசியலாம். பெரும்பாலோருக்கு நேர்வது முதல் வகை. இரண்டிலும் மூளையின் ஒரு பகுதி பட்டினி கிடக்கிறது. பெரிய குழாய் அடைபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிஷத்திலும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-ல் அமெரிக்க வைத்தியர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டினார். மடிந்தது மடிந்ததுதான். வாய்க்காலில் தண்ணீர் நின்ற பிறகு பயிர் எத்தனை நாள் தாங்கும் என்பது எங்கள் பள்ளத்தாக்கில் குழந்தைக்கும் தெரியும். மூளைப் பயிர் தாங்குவது நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில்.

இனி அந்த மனிதரின் கதைக்கு வருவோம்.

டெடி புரூஸ்கி என்பவர் அமெரிக்காவில் பெயர் பெற்ற பந்தாட்டக்காரர். அவர்களுடைய கால்பந்தாட்டம் நம்முடையதைப் போன்றதன்று. பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, எதிரியை இடித்துத் தள்ளி முன்னேறும் முரட்டு விளையாட்டு. அவர் ஆடிய 'நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ்' என்ற கோஷ்டி 2005 பிப்ரவரி 6-ம் தேதி அந்நாட்டின் தலையாய போட்டியில் வெற்றி பெற்றது. புரூஸ்கிக்கு அப்போது வயது 31. அவரை விடத் தேகபலம் உள்ளவரைக் காட்டச் சொன்னால், அந்த ஊர் ஜனங்கள் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

அந்த வெற்றிக்குச் சுமார் பத்து நாட்களுக்குப் பின் ஒருநாள், விடியற்காலைக்கு முன்பே அவருக்கு விழிப்பு வந்தது. தலைவலி மண்டையைப் பிளந்தது. இடது கையும் இடது காலும் தம்முடையவை அல்லாதது போல் மரத்துக் கிடந்தன. எழுந்தார், தடுமாறினார். மறுபடியும் படுத்துவிட்டார்! காலையில் அவருடைய சின்ன மகன் இடது பக்கமாக வந்து பேசினான். குரல் கேட்டது, குழந்தையின் உருவம் கண்ணுக்குத் தெரியவில்லை. பார்வையின் இடது பாதி மறைந்துபோயிருந்தது. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் பொன்னான பல மணி நேரம் கழிந்துவிட்டது.

இத்தனைக்கும் அவர் படித்தவர், வசதியுள்ளவர், பெரிய ஆஸ்பத்திரிகள் நிறைந்த பாஸ்டன் நகரத்தின் அருகில் வசித்தவர். ஆனாலும் 31 வயதில் பாரிச வாயு வரும் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. தேவாரத்தில் ஓர் ஏலத்தோட்டத் தொழிலாளி அப்படிப் படுத்துவிட்டால், அவனைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சோதித்துப் பார்த்த வைத்தியர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறவியிலேயே அவருடைய இருதயத்தில் ஒரு சிறு துவாரம் இருந்தது. தாயின் வயிற்றில் இருக்கும்போது எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ளதுதான் அது. பிறந்த பிறகு மூடிக்கொள்ள வேண்டும். நாலு பேரில் ஒருவருக்கு அது முழுவதும் மூடுவதில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் எந்தக் கெடுதலும் வருவதில்லை. மிகச் சிலருக்கு மட்டும் இரத்தக் கட்டி அந்த வழியே புகுந்து மூளைக்குப் போய்விடுகிறது. அந்தத் துவாரத்தை ஒரு சிறு கருவியால் அடைத்தார்கள்.

இளம் வயதினருக்கு இந்த வியாதி வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. இரத்தக் கொதிப்பு இருப்பதே தெரியாமல் திரிவது, பீடி சிகரெட்டு, நீரிழிவு, சிறு வயதில் மூட்டு வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வு கெட்டுப்போவது ஆகியவை அவற்றுள் சில. இன்னொன்றை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். பிரசவம் ஆன சில வாரங்களுக்குள், மூளையிலிருந்து இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் நாளங்களில் கட்டி உண்டாவது நம் நாட்டில் அபூர்வமாக இருக்கவில்லை. மதுரை நரம்பியல் வைத்தியர் டாக்டர் கே. சீனிவாசன், கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களுமாக மூளையின் நாளமோ தமனியோ இப்படி அடைபட்ட 135 பெண்களை ஆராய்ந்து 1983-ல் எழுதிய கட்டுரையை உலகெங்கும் உள்ள வைத்தியர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். 'பச்சை உடம்புக்காரி, தண்ணீர் கொடுக்கக் கூடாது' என்று தாகத்தில் வாட வைக்கும் பழைய வழக்கம் இரத்தத்தைத் தடிக்கச் செய்து இந்த ஆபத்துக்கு வழி திறக்கிறது. பிள்ளை பெற்றவள் தண்ணீர் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். பிரசவத்துக்குப் பின் தாங்காத தலைவலி, வலிப்பு, கை கால் சோர்வு என்றால் பேய், காற்று என்று மந்திரிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

புரூஸ்கி என்ன ஆனார்? முதலில் நடக்கவே சிரமப்பட்டார். கால் மறந்துவிட்ட பாடத்தை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. உபாத்தியாயரான எனக்கு இந்த விஷயம் மிகவும் பிடித்திருக்கிறது. மடிந்த நரம்பணுக்கள் திரும்பி வருவதில்லை. ஆனால் பக்கத்திலுள்ள மற்றப் பகுதிகள் அவற்றின் வேலையைக் கற்றுக்கொள்கின்றன. கற்பதற்கு ஒரே வழிதான் உண்டு: திரும்பத் திரும்பச் செய்வது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'அ' எழுதிப் பழகுவது போலக் கால் நூறு தடவை, ஆயிரம் தடவை அடியெடுத்து வைத்துப் பழக வேண்டும். அலுப்புத் தட்டும், கண்ணீர் வரும், நேற்றைக்கு வந்தது இன்றைக்கு வராது. வியாதியின் ஆரம்ப மாதங்களில் இந்தப் பாடம் சீக்கிரம் ஏறும் என்பதால், அந்த மாதங்களைப் படுக்கையில் வீணாக்குவது பாபம்.

அந்த வருஷமே அக்டோபர் 30-ம் தேதி புரூஸ்கி மறுபடியும் ஆட்டக்களத்தில் இறங்கினார். எல்லோருக்கும் இப்படி நேரும் என்று சொல்லி யாரையும் நான் ஏமாற்ற விரும்பவில்லை. அவருக்குக் கிடைத்த வைத்தியமும் தேகபலமும் பலருக்குக் கிடைப்பதில்லை. ஆட்டக்களம் வேண்டாம், தன் வீட்டுத் திண்ணையிலிருந்து தெருமுனை டீக்கடை வரையில் ஒருவன் பிறர் தயவின்றிப் போய்வந்தால், அதுவும் அதே அளவு பெரிய வெற்றிதான்.

நான் மெச்சுவது அவர் ஆட்டத்துக்குத் திரும்பியதை அல்ல. அதே 2005-ல் அவர் பெயரால் ஓர் ஓட்டக் குழு ஏற்பட்டதைத்தான். பாஸ்டன் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் 26 மைல் நெடுந்தூர ஓட்டத்தில் அக்குழுவினர் கலந்துகொள்கிறார்கள். அவர்களில் பாரிச வாயுவிலிருந்து பிழைத்தவர்கள் உண்டு. அதற்குத் தந்தையையோ தாயையோ பறிகொடுத்தவர்களும் உண்டு. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்டுப் பெறுகிறார்கள். அப்படிச் சேர்ந்த பணம் அமெரிக்கப் பக்கவாதச் சங்கத்தின் ஆராய்ச்சிக்கும் பிரசாரத்துக்கும் போயிற்று. 2012 ஏப்ரலில் புரூஸ்கியே 26 மைலும் ஓடி முடித்தார்.

கதையின் சிகரம் இனிமேல்தான் இருக்கிறது. 2019 ஜூலை 4-ம் தேதி, 46-வது வயதில், அவருக்கு இரண்டாவது தடவை பாரிச வாயு வந்தது. கை சோர்ந்தது; முகம் ஒரு பக்கம் தொங்கியது; பேச்சுக் குழறியது. இந்தத் தடவை அவர் படுக்கைக்குப் போகவில்லை. இதுதான் அது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அவர் குடும்பத்துக்கும் தெரிந்திருந்தது. தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார், தேறினார்.

இரண்டு சம்பவங்களையும் சேர்த்துப் பாருங்கள். மனிதர் அதே மனிதர். தேசம் அதே தேசம். முதல் தடவை இல்லாத எது இரண்டாம் தடவை இருந்தது? அறிவு. எந்த அறிவைப் பரப்புவதற்காகப் பதினாலு வருஷம் ஓடிப் பணம் திரட்டினார்களோ, அந்த அறிவே தக்க நேரத்தில் அவரை எழுப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. பிறருக்காகப் போட்ட காணிக்கை தமக்கே பிரசாதமாகத் திரும்பி வந்தது!

அந்த அறிவுக்குப் பணமோ பட்டமோ தேவையில்லை. சந்தேகம் தோன்றினால் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று கீழே சரிகிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், நாக்குக் குழறுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், 108-க்குச் சொல்லுங்கள். திடீரென்று பார்வை மறைவதும், நிற்க முடியாமல் தள்ளாடுவதும் இவ்வியாதியின் அறிகுறிகளே. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். வாயில் தண்ணீரோ மாத்திரையோ போடாதீர்கள். அடைப்பா, கசிவா என்பது மூளையைப் படம் பிடித்த பிறகுதான் தெரியும்; ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு விஷம்.

கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தின் பலன் 1995-ல் நிரூபிக்கப்பட்டது. முதலில் மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றார்கள். 2008-ல் நடந்த ஆராய்ச்சிக்குப் பின் அது நாலரை மணி நேரமாக நீண்டது. பெரிய குழாய் அடைபட்டவர்களுக்கு, மெல்லிய கம்பியைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் முறையும் 2015 முதல் உறுதிப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் நேரம்தான் மூலதனம். தேவாரத்திலிருந்து கானாவிலக்கிலுள்ள தேனி சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மதுரைக்கு அதைப் போல் இரண்டு பங்கு பிடிக்கும். மலைத் தோட்டத்தில் விழுந்தவனை அடிவாரத்துக்குக் கொண்டுவரும் நேரத்தையும் கூட்டுங்கள். இதில் 'விடியட்டும், பார்க்கலாம்' என்பதற்கு இடம் எங்கே?

பிழைத்து வந்த பிறகும் செலவு நிற்பதில்லை. உடற்பயிற்சி வைத்தியர் வேண்டும். பயிற்சியைக் குடும்பத்தாருக்கே சொல்லிக்கொடுத்து விட்டால் போதாதா என்று நம் நாட்டிலேயே 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். 2017-ல் வெளியான முடிவு, வழக்கமான சிகிச்சையை விட அதனால் கூடுதல் பலன் காணவில்லை என்பதாகும். இதிலிருந்து நான் படித்துக்கொண்ட பாடம் இது: தாயின் அன்பும் மனைவியின் தொண்டும் எவ்வளவு உயர்ந்தவையானாலும், பயின்ற கைக்கு அவை ஈடாகமாட்டா. தமிழ்நாட்டு சர்க்கார் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீடு தேடி வருவதோடு, உடற்பயிற்சி வைத்தியரும் வீட்டுக்கு வர ஏற்பாடு செய்யப்பட்டது. நல்ல காரியம். ஆனால் ஊருக்கு ஊர் தேவை கடல் போல் இருக்கும்போது, எல்லாவற்றையும் சர்க்கார் தலையிலேயே சுமத்திவிட்டு நாம் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாமா?

காந்தி மகான் உட்கார்ந்திருக்கவில்லை. 1933 நவம்பரில் ஹரிஜன நிதிக்காக வார்தாவிலிருந்து சுற்றுப்பிரயாணம் தொடங்கிய அவர், 1934 மே 9-ம் தேதியிலிருந்து ஒரிஸ்ஸாவில் ரயிலையும் மோட்டாரையும் விட்டுவிட்டுக் கிராமம் கிராமமாக நடந்தே போனார். அப்போது அவருக்கு வயது 64. ஏழைகள் காலணாவும் அரையணாவும் கொடுத்தார்கள். பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். அந்தச் சுற்றுப்பிரயாணம் முழுவதிலும் சுமார் எட்டு லட்சம் ரூபாய் சேர்ந்தது. பணத்தை விடப் பெரிய லாபம், அவர் நடந்த தெருவிலெல்லாம் தீண்டாமையைப் பற்றிப் பேச்சு எழுந்ததுதான். நம் காலத்திலும் 2023 ஆகஸ்டு 6-ம் தேதி சென்னையில் நடந்த நெடுந்தூர ஓட்டத்துக்கு 73,206 பேர் பதிவு செய்துகொண்டார்கள். அவர்கள் கட்டிய கட்டணம் மூன்று கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்து, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் உடன் தங்குவோருக்கான கட்டிடத்துக்கு அளிக்கப்பட்டது. தமிழர்களின் காலுக்குப் பணம் கொண்டுவரத் தெரியாது என்று இனி யார் சொல்ல முடியும்?

எங்கள் பள்ளத்தாக்குக்கு மூன்று கோடி வேண்டாம். உலகப் பக்கவாத தினம் அக்டோபர் 29. ஐப்பசி மழைக்காலம்தான், குடை பிடித்துக்கொண்டு நடக்கலாம். தேவாரத்திலிருந்து பண்ணைப்புரம், கோம்பை வழியாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், நடக்க முடிந்த பெற்றோர்களும் நடக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து வீட்டார் மைலுக்கு ஒரு ரூபாய் கொடுப்பதாக வாக்களித்தால் போதும். பாரிச வாயுவிலிருந்து எழுந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள்; முதல் பத்து அடியை அவர்கள் நடக்கட்டும். கைத்தடியோடு நடந்தாலும் சரி, மகன் தோளைப் பிடித்து நடந்தாலும் சரி. சேர்ந்த பணத்தில் தெருவுக்கு ஒரு இரத்தக் கொதிப்பு அளக்கும் கருவி வாங்கலாம். நடுராத்திரியில் வண்டிக்குப் பணமில்லாதவனுக்குக் கொடுக்கலாம். வீட்டோடு கிடப்பவருக்கு உடற்பயிற்சி வைத்தியரை அழைத்துவரலாம். வரவு செலவுக் கணக்கைக் காலணா விடாமல் பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போட வேண்டும். கணக்கு இல்லாத தர்மம் இரண்டாம் வருஷம் நடக்காது.

ஒரு வேளை ஐந்தாயிரம் ரூபாய் கூடச் சேராமல் போகலாம். போகட்டும். அன்று நடந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய், 'பாட்டி, கொஞ்சம் சிரி. அப்பா, கையைத் தூக்குங்கள்' என்று விளையாட்டாகச் செய்து காட்டுவார்கள். என்றைக்காவது ஒரு நள்ளிரவில், மலைத்தோட்டத்திலிருந்து களைத்து வந்து படுத்த தகப்பனுக்கு வாய் கோணும்போது, அந்தப் பிள்ளை 'விடியட்டும்' என்று சொல்லாது.